ராமநாதபுரம் கடற்கரை உயிர்கள்: எது என்ன வேலை செய்கிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டிப் பக்கம் மீன் இறங்கும் இடங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். எளிதானவை முதலில் வரும், வில்லங்கமானவை பின்னால்.

"மீனும் இறாலும் கெடைச்சாப் போதும். ஆவுளியா (கடற்பசு), அட்டை (கடல் அட்டை), பவளம் எல்லாம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

ஏலத்துக்கு வரும் மீன் எல்லாம் ஏலத்துக்கே வராத உயிர்களை நம்பித்தான் வளர்கிறது. நீலக்கால் நண்டு, இறால், ஓரா மீன் ஆகியவற்றின் குஞ்சுப் பருவம் பெரும்பாலும் கடற்புல்லில் கழிகிறது. களவா மீனும் விளைமீனும் பவளப் பார்களை (கடலடிப் பவளத் திட்டுகளை) ஒட்டி வாழ்கின்றன. அந்தப் புல்லையும் பாரையும் சீராக வைத்திருக்க மேய்கிற உயிர் ஒன்று, மண்ணைக் கிளறுகிற உயிர் ஒன்று, பாறையில் படரும் பாசியைச் சுரண்டுகிற உயிர் ஒன்று எனத் தனித்தனி ஆட்கள் உண்டு.

இவற்றில் ஒன்று போனதும் மறுநாளே மீன்பாடு குறைந்துவிடாது. வருடக்கணக்கில் மெல்லத்தான் தெரியும். அதற்குள் பழியைக் காற்றின் மீதோ பக்கத்து ஊர்க்காரர் மீதோ போட்டுவிடுகிறோம்.

"கடற்புல்லும் பாசியும் ஒண்ணுதானே?"

இல்லை. மண்டபம், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை எல்லாம் பாசி. அவற்றுக்கு உண்மையான வேர் கிடையாது, கல்லைப் பற்றிக்கொண்டு வளரும். கடற்புல்லுக்கு வேர், மண்ணுக்குள் ஓடும் தண்டு, பூ, விதை எல்லாம் உண்டு. வேர் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. இலை நீரோட்டத்தைத் தணிக்க, கலங்கல் அடியில் படிந்து தண்ணீர் தெளிகிறது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், வெயில் அடிவரைக்கும் இறங்கும். அதனால்தான் அங்கே புல்வெளி பரந்து கிடக்கிறது.

வாடைக்காற்றுக் காலத்தில் கரையில் குவியும் இலைக்குப்பையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முதிர்ந்த இலை உதிர்வது வழக்கம். குவியலை ஒரு கை அள்ளிப் பாருங்கள். வெறும் இலையாக இருந்தால் சரி. வெள்ளைத் தண்டும் வேருமாகக் கொத்துக் கொத்தாக வந்தால் புல் அடியோடு பிடுங்கப்பட்டிருக்கிறது. பெரும்புயல் அடித்திருக்கலாம், இல்லையென்றால் ஆழம் குறைந்த இடத்தில் யாரோ இழுவலை இழுத்திருக்கிறார்கள். இலை போனால் திரும்பத் துளிர்க்கும். தண்டே போன இடம் பழைய நிலைக்கு வர ஆண்டுகள் பிடிக்கும்.

"ஆவுளியா நாளெல்லாம் புல்லைத்தான் தின்னுது. அது பெருகுனா புல்லு அழிஞ்சிடாதா?"

நன்கு வளர்ந்த ஆவுளியா ஒன்று நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ புல் தின்னும். கணக்கைக் கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒரே இடத்தில் நின்று மொட்டையடிப்பதில்லை. மூக்கை அடியில் வைத்து ஒரு வரியாக மேய்ந்துகொண்டே போகும். நீர் தெளிந்த நாளில் படகிலிருந்து பார்த்தால் புல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்கு மணல் தெரியும் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். அந்தக் கோட்டில் முதலில் வேகமாக வளரும் இளம்புல் முளைக்கிறது. இளம்புல்லில் சத்து அதிகம், மற்ற உயிர்களும் அதைத் தேடி வருகின்றன. மேய்ச்சலில் மண் கிளறப்படும், சாணத்தோடு விதையும் உரமும் வேறு இடத்துக்குப் போய்ச் சேரும்.

பெருகிவிடுமோ என்ற கவலைக்கும் இடமில்லை. சினைக்காலம் மட்டும் 13 மாதத்துக்கு மேல். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டு இடைவெளி. ஒரு பெண் ஆவுளியா வலையில் மாட்டிச் செத்தால் அந்த இழப்பு ஈடாகப் பல ஆண்டுகள் ஆகும். 2022-ல் தமிழ்நாடு அரசு பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் இருக்கிறது. ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை ஏது? தொண்டிப் பக்கத்துப் புல்லும் அதற்கு மேய்ச்சல் நிலம்தான்.

"வலையில ஆவுளியா மாட்டுனா என்ன செய்யணும்?"

அது நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி, சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கியது பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் சாகிறது. ஆகவே முதல் வேலை மூக்கை நீருக்கு மேலே பிடிப்பது. பிறகு வலையை அறுத்துவிடுங்கள், அவிழ்க்க முயன்று நேரம் கடத்த வேண்டாம். வாலில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, படகில் ஏற்றக் கூடாது, படம் எடுக்க நிறுத்தி வைக்கவும் கூடாது. குட்டி மாட்டினால் தாய் பக்கத்திலேயே சுற்றும். மாட்டிய இடத்திலேயே விட்டால்தான் இரண்டும் சேரும்.

உயிரோடு விட்டதைப் படத்துடன் வனத்துறைக்குச் சொன்னால் ஊக்கத்தொகைக்கு வழி உண்டு. இதெல்லாம் வராமல் தடுக்க ஒரே வழிதான்: புல்வெளி மேல் செவுள் வலையை இரவு முழுக்கப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிடாதீர்கள்.

"கடல் அட்டை சும்மா மண்ணைத் தின்னுட்டு கெடக்கு. அதைப் பிடிச்சா அப்படி என்ன நஷ்டம்?"

அந்த மண்ணைத் தின்பதுதான் அதன் வேலை. வெள்ளை அட்டை மணலை வாரி விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் அழுகலையும் நுண்பாசியையும் செரித்துவிட்டுச் சுத்தமான மணலைப் புழுக்கை மாதிரி வெளியே தள்ளும். அது ஊர்ந்த தடத்தில் அந்த மணல் உருட்டு வரிசையாகக் கிடக்கும். நாளில் ஒரு பொழுது மண்ணுக்குள் புதைந்தும் கிடக்கும். இப்படிக் கிளறுவதால் அடிமண்ணுக்குக் காற்று போகிறது, புல்லின் வேருக்கு உரமும் கிடைக்கிறது. அட்டை துப்புரவாக எடுக்கப்பட்ட இடத்தில் மேல்மண் இறுகும், வழவழப்பான பாசிப்படலம் பிடிக்கும், கிளறினால் கருப்பாக அழுகல் முட்டை நாற்றம் வரும்.

இந்தியக் கடலில் எல்லா வகைக் கடல் அட்டையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. புலிக்கு உள்ள பாதுகாப்புதான் இதற்கும். தண்டனை குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை போகலாம். காய்ந்தால் எடையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஒரு மூட்டை சரக்குக்காக எத்தனை ஆயிரம் அட்டை கடலை விட்டுப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"பவளம் கல்லா, உயிரா?"

உயிர். குண்டூசித் தலையிலிருந்து பட்டாணி வரைக்கும் அளவுள்ள சின்னஞ்சிறு பிராணிகள் கூட்டமாக வாழ்ந்து, தங்களுக்கு அடியில் சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டே போகின்றன. கிளைவிடும் வகை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை வளரும். உருண்டை வகை ஒரு சென்டிமீட்டர் வளர்வதே பெரிது. ஒரு நங்கூரம் உடைத்த உருண்டைப் பவளம் நம் பாட்டன் காலத்ததாக இருக்கலாம்.

"பவளத்தை வெட்டுனது பழைய கதை. அதுனால என்ன ஆயிடுச்சு இப்ப?"

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டும் இன்று தண்ணீருக்குள். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் சுற்றியிருந்த பாரை வெட்டி எடுத்ததும், அலை நேராகத் தீவில் மோதி மண்ணைத் தின்றுவிட்டது. பூவரசன்பட்டி நம் கீழக்கரைத் தீவுக்கூட்டத்தில் இருந்தது. பார் உயரமாக இருந்தால் அலை தள்ளியே உடையும். தீவுக்கும், தீவுக்குப் பின்னால் இருக்கிற கரைக்கும் அது அரண். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போவது சட்டப்படி குற்றம்.

"கோடைல பவளம் வெள்ளையாப் போகுதே, செத்துடுச்சா?"

உடனே சாகாது. பவளத்தின் சதைக்குள் நுண்பாசி குடியிருந்து அதற்குச் சோறு போடுகிறது. கடல் வெப்பம் 30 டிகிரிக்கு மேலே போய்ப் பல வாரம் அப்படியே நின்றால் அந்தப் பாசி வெளியேறும், உள்ளே இருக்கிற சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். இங்கே ஏப்ரல் முதல் ஜூன் வரை இது நடக்கும். காற்று மாறித் தண்ணீர் குளிர்ந்தால் பல பவளம் தேறிவிடும். 2010-லும் 2016-லும் சூடு நீடித்ததால் நிறையப் பவளம் தேறவில்லை.

செத்த பவளத்தின் மேல் சில நாளிலேயே பாசி படரும். அதற்குப் பிறகு அங்கே புதுப் பவளம் ஒட்டுமா ஒட்டாதா என்பதை அடுத்த கேள்வியில் வருகிற மீன்கள்தான் முடிவு செய்கின்றன.

"கிளிமீன் பவளத்தைக் கடிச்சுத் திங்குது. அதைப் பிடிச்சா நல்லதுதானே?"

நேர்மாறு. கிளிமீனின் அலகு பெரும்பாலும் செத்த பாறையில் படர்ந்த பாசியைத்தான் சுரண்டுகிறது. கூடவே வருகிற சுண்ணாம்பை அரைத்து மணலாகக் கழிக்கிறது. தீவுகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு அப்படி வந்தது. ஓராவும் பாசி மேயும். சுரண்டிய வெற்றிடத்தில்தான் பவளக் குஞ்சு ஒட்டிப் பிடிக்க முடியும். பாசி மெத்தை போட்ட இடத்தில் அதற்கு நிற்க இடமில்லை. பூங்காவுக்கு வெளியே கிளிமீன், ஓரா பிடிக்கத் தடையில்லை. சூடு அடித்துப் பவளம் செத்த வருடத்தில் பார் மேல் மட்டுமாவது இவற்றை விட்டுவைப்பது நல்லது.

"ஆமை வலையைக் கிழிச்சிடுது அண்ணே. அதுனால என்ன பிரயோஜனம்?"

வலை கிழிவது நிஜமான நஷ்டம், மறுக்கவில்லை. ஆமை எல்லாம் ஒரே வேலை செய்வதில்லை. பேராமை கடற்புல் மேயும். அழுங்காமை பார்களில் கடற்பஞ்சைத் தின்று பவளத்துக்கு இடம் ஒழித்துக்கொடுக்கும். ஏழுவரி ஆமைக்குச் சொறி எனப்படும் ஜெல்லிமீன்தான் சாப்பாடு. பங்குனி ஆமை நண்டு, சங்கு, சொறி எனக் கலந்து தின்னும். வலை முழுக்கச் சொறி ஏறிக் கை அரித்த நாளில் அதைத் தின்கிறவர்கள் யார் என்று நினைத்துப் பார்க்கலாம்.

இழுவலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், போட்டால் மூழ்கிச் சாகும். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி முட்டுக் கொடுங்கள், நுரையீரலில் ஏறிய நீர் வடியும். நிழலில் வையுங்கள். ஈரச்சாக்கு போர்த்தலாம், மூக்கை மூடக் கூடாது. தெளிய 4 மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். நன்றாக அசையத் தொடங்கியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு, தலை முன்னே இருக்கும்படி மெல்ல இறக்குங்கள்.

"கரையில ஆமை முட்டை இருக்குன்னு தெரிஞ்சா நாமளே எடுத்துக் கொடுக்கலாமா?"

கூடாது. அடையாளம் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் அவர்கள் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டை இருக்கும், பொரிய 45 முதல் 60 நாள். இட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு முட்டைக்குள் கரு மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அப்போது உருட்டினால் கரு அறுந்து அத்தனையும் கூமுட்டையாகிவிடும். எடுக்கும்போது மேல் எது கீழ் எது என்று மாறாமல் எடுக்கப் பயிற்சி வேண்டும். இந்தக் கரையில் முட்டைக்கு முதல் எதிரி தெருநாய். மீன் கழிவைக் கரையில் கொட்டினால் நாய் பெருகும், அவ்வளவுதான் விஷயம்.

"கடல் பாம்பைக் கண்டா அடிச்சே போடணுமா?"

வேண்டாம். அது விலாங்கையும் அடியில் வாழும் சிறுமீனையும் தின்று அளவில் வைக்கிறது, தானாக வந்து கடிப்பது அரிது. கடி எல்லாம் வலை உதறும்போதுதான். குச்சியால் தூக்கிக் கடலில் விடுங்கள். கடித்தால் வலி தெரியாமலே இருக்கலாம். சில மணி நேரத்தில் உடம்புவலியும் கருஞ்சிவப்பாகச் சிறுநீரும் வரும். வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம்மூர் நிலப்பாம்புகளுக்குப் போடும் விஷமுறி இதற்குப் பொருந்தாது என்பதால், கடித்தது கடல் பாம்பு என்று மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

"காரங்காட்டுல அலையாத்தி நல்லா இருக்கு. அங்க நண்டு வளை தோண்டி மரத்தைச் சாய்ச்சிடாதா?"

நண்டு வளை இல்லாவிட்டால்தான் மரம் வாடும். அலையாத்திச் சேறு காற்றுப் புகாத கருஞ்சேறு. வளை வழியாகத்தான் ஓத நீரும் காற்றும் உள்ளே இறங்குகின்றன, உப்பும் கழுவப்படுகிறது. விழுந்த இலையை நண்டு இழுத்துப்போய்த் தின்று பொடியாக்குகிறது. அந்தப் பொடி இறால் குஞ்சு வரை போய்ச் சேரும்.

"அப்படின்னா எல்லாக் கரையிலயும் அலையாத்தி நட்டுடலாமே?"

இங்கேதான் நல்ல மனசோடு நிறையக் கெடுதல் நடக்கிறது. அலையாத்திக்கு ஓதம் ஏறி வடிகிற இடம் வேண்டும். எப்போதும் தண்ணீர் நிற்கிற இடத்தில் நட்டால் கன்று அழுகும். அந்த இடம் கடற்புல்லாக இருந்தால் அதையும் மிதித்துக் கெடுத்திருப்போம். பறவைகள் இரை தேடும் வெறும் சேற்றுத்திட்டைத் தரிசு என்று நினைத்து நடுவதும் தப்பு. பழைய வாய்க்கால் தூர்ந்து அலையாத்தி பட்டுப்போயிருந்தால், நடுவதற்கு முன் வாய்க்காலைத் திறந்து ஓதம் வரச் செய்யுங்கள். விதை மிதந்து வந்து தானே முளைப்பதும் உண்டு. ஆமை ஏறும் மணற்கரையில் சவுக்கை நெருக்கி நடுவதும் இதே வகைத் தவறு. வேர் குழி தோண்டவிடாது.

"கண்மாயில வர்ற பறவைங்க மீனை எல்லாம் தின்னுடுதே?"

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை எல்லாம் மழைநீர்க் கண்மாய்கள். கோடையில் எப்படியும் வற்றும், மீனும் போகும். கூழைக்கடாவும் நாரையும் மீனைத் தின்று அங்கேயே எச்சமிடுகின்றன. அந்த நீர் வயலுக்குப் பாயும்போது தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்து போகிறது. உண்மையான மோதல் வேறு இடத்தில் இருக்கிறது: குஞ்சு பறக்குமுன் மீன் பிடிப்பதற்காகக் கண்மாயை வடித்துவிடுவது. குஞ்சு கூட்டை விட்டபின் வடித்தால் இரண்டு பக்கத்துக்கும் நஷ்டமில்லை.

சீமைக்கருவேலத்தை வெட்டுவதிலும் அதே கவனம் வேண்டும். அது அழிய வேண்டிய மரம்தான். கூடு இருக்கிற மரத்தை மட்டும் நாட்டுக்கருவேலம் வளர்கிறவரை விட்டுவைத்து, மற்றதைக் கூடில்லாத மாதங்களில் வெட்டலாம்.

"பாசி வளர்ப்பு நல்ல வருமானம். அதுவும் இயற்கைதானே, பவளத்துக்கு என்ன கெடுதல்?"

மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி வெளிநாட்டிலிருந்து வந்தது. 12 அடிக்கு 12 அடி மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் அறுவடை. அந்த வேகம்தான் ஆபத்தும். குருசடை, சிங்கிள், முள்ளித் தீவுகளில் அது பவளத்தின் மேல் படர்ந்து வெயிலை மறைத்துக் கொன்றிருக்கிறது. ஒரு விரல் அளவுத் துண்டு போதும், புதுச் செடியாகிவிடும்.

வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியவை: மிதவைக்கு அடியில் வலை கட்டுவது, அறுவடையில் உதிர்ந்த துண்டைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவருவது, புயல் எச்சரிக்கை வந்ததும் மிதவையைக் கரையேற்றுவது. பவளத்தில் கண்டால் நீங்களே பிய்க்க வேண்டாம். பிய்த்தால் துண்டு பரவும். பையில் பிடித்து அடியோடு எடுப்பது பயிற்சி உள்ளவர்கள் வேலை.

"அட்டையைக் குஞ்சு பொரிச்சுக் கடல்ல விட்டுட்டு, பிறகு அளவாப் பிடிச்சா என்ன தப்பு?"

தொழில்நுட்பம் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1988-லேயே தூத்துக்குடியில் வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிக்க வைத்தது. இன்றைய சட்டப்படி, வளர்த்தது என்று சொல்லியும் விற்க முடியாது. தடையைத் தளர்த்தச் சொல்லும் மீனவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் காய்ந்த அட்டையைப் பார்த்து அது பண்ணையில் வளர்ந்ததா கடலில் பிடித்ததா என்று சோதனைச் சாவடியில் யாராலும் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்காமல் திறந்துவிட்டால் முதலில் காலியாவது கடல்தான்.

"தீவுப் பக்கம் எதுவரைக்கும் வலை போடலாம்?"

தீவும், கரைப்பக்கம் மூன்றரைப் பாகம், கடல்பக்கம் ஐந்து பாகம் ஆழம் (ஒரு பாகம் ஆறடி) வரையுள்ள நீரும் பூங்காவுக்குள் அடங்கும். அதற்குள் எதுவும் பிடிக்கக் கூடாது. வெளியே இருப்பது உயிர்க்கோளக் காப்பகம், அங்கே வழக்கமான மீன்பிடி விதிகள்தான். ஆழத்தைக் கயிறு போட்டுப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

"செத்த ஆவுளியாவோ ஆமையோ ஒதுங்குனா நாறுறதுக்கு முன்னாடி புதைச்சிடலாமா?"

நீங்களாகப் புதைக்க வேண்டாம். மண்டபம் அல்லது கீழக்கரை வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தால்தான் வலையில் மூச்சு முட்டியதா, படகு அடித்ததா, பிளாஸ்டிக் அடைத்ததா என்று தெரியும். அவர்கள் வருவதற்குள் நாயைத் தள்ளி வையுங்கள். முழு உடலையும், தோலில் வலைத் தழும்போ வெட்டோ இருந்தால் அதை மட்டும் கிட்டத்திலும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு செருப்பையோ முழக்கயிறையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். கண்ட நேரத்தையும் அப்போது காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தக் கடலில் செத்து மிதந்து வந்தது என்று கணிக்க அது உதவும்.